எச்சரிக்கைக்கும் செயலுக்கும் இடைப்பட்ட தூரம்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும், விளையாட்டுப் போட்டிகளில் தொண்டாற்றப் பெயர் கொடுத்திருக்கும் இளைஞர்களுக்கும் என் வணக்கம்.

1996ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் தேதி. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன. நள்ளிரவு கடந்து 12.58 மணிக்கு, அவசர உதவி எண்ணான 911க்கு ஒரு பொதுத் தொலைபேசியிலிருந்து அழைப்பு வந்தது. நூற்றாண்டு ஒலிம்பிக் பூங்காவில் வெடிகுண்டு இருக்கிறது, முப்பது நிமிட அவகாசம் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தக் குரல் துண்டித்துக்கொண்டது. அழைப்பை ஏற்ற பணியாளர் அதை வெற்று மிரட்டல் என்று ஒதுக்கவில்லை. உடனே கணினியில் பதிவு செய்ய முயன்றார். ஆனால் தெரு முகவரி இல்லாத எந்தத் தகவலையும் அந்தக் கணினி ஏற்கவில்லை. ஒலிம்பிக்குக்காகப் புதிதாக அமைத்த பூங்கா அது. உலகமே அறிந்திருந்த அந்த இடத்தின் முகவரி கணினிக்குத் தெரியாது. முகவரியை அங்கும் இங்கும் கேட்டறிவதிலேயே ஏறத்தாழ பத்து நிமிடங்கள் கரைந்தன. பூங்காவில் நின்றிருந்த காவலர்களுக்கு அந்தச் செய்தி உரிய நேரத்தில் போய்ச் சேரவே இல்லை. சொன்ன முப்பது நிமிடமும் கிடைக்கவில்லை, 1.20 மணிக்குக் குண்டு வெடித்தது.

அந்த இரவில் பலர் உயிர் தப்பியதற்குக் காரணம் வேறோர் இடத்தில் இருந்தது. ரிச்சர்ட் ஜுவெல் என்ற தனியார் பாதுகாப்புக் காவலர், ஒலிக்கருவிகள் வைத்திருந்த கோபுரத்தின் அருகே ஒரு பெஞ்சுக்கடியில் யாரும் உரிமை கோராத முதுகுப்பையைக் கண்டார். அவர் அதைத் தானே திறந்து பார்க்கவில்லை. பாராமுகமாகக் கடந்து போகவும் இல்லை. அருகிலிருந்த காவல் அதிகாரியிடம் சொன்னார். வெடிகுண்டு நிபுணர்கள் வந்து பார்த்தார்கள், சுற்றியிருந்தவர்களை அப்புறப்படுத்தத் தொடங்கினார்கள். அந்த வேலை முடிவதற்குள் குண்டு வெடித்து ஒரு பெண் இறந்தார். சம்பவ இடத்துக்கு ஓடிய துருக்கி நாட்டு ஒளிப்பதிவாளர் ஒருவர் மாரடைப்பால் மாண்டார். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். சில நாட்களிலேயே ஜுவெல்லையே சந்தேக நபராக ஊடகங்கள் காட்டின. அவர் மீது சந்தேகமில்லை என்று அரசு அறிவித்தபோது அக்டோபர் மாதம் ஆகிவிட்டது. உண்மைக் குற்றவாளி எரிக் ருடால்ஃப் 2005இல்தான் குற்றத்தை ஒப்புக்கொண்டான். கண்டதைச் சொன்னவருக்கு இந்தக் கதி நேர்ந்தால், அடுத்த முறை ஒரு பையைக் காண்பவர் வாய் திறக்கத் தயங்குவார் என்பதால், இதையும் பாதுகாப்பு பற்றிய பேச்சில் சேர்த்தே சொல்கிறேன்.

மியூனிக் ஒலிம்பிக் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறேன். 1936இல் பெர்லினில் நடந்த போட்டியின் இராணுவச் சாயலை உலகம் மறக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், 1972இல் மேற்கு ஜெர்மனி தன் ஒலிம்பிக் காவலர்களை வெளிர்நீலச் சீருடையில், கையில் ஆயுதமின்றி நிறுத்தியது. நிகழக்கூடிய 26 ஆபத்துகளைக் காவல்துறை உளவியலாளர் கேயோர்க் ஸீபர் முன்னதாகவே எழுதிக் கொடுத்திருந்தார். அவற்றில் 21ஆவது, ஆயுதமேந்திய பாலஸ்தீனர்கள் விடியலுக்கு முன் வீரர்கள் குடியிருப்புக்குள் புகுந்து இஸ்ரேலியர்களைப் பிணையாகப் பிடிப்பார்கள் என்பது. செப்டம்பர் 5ஆம் தேதி நடந்தது ஏறக்குறைய அதுவே. அன்றிரவு பிணையாளிகளோடு விமானத்தளத்துக்குப் போன தாக்குதல்காரர்கள் எட்டுப் பேரை எதிர்கொள்ள அங்கே ஐந்தே குறிபார்த்துச் சுடுபவர்கள் இருந்தார்கள். ஒருவரோடொருவர் பேச அவர்களிடம் வானொலிக் கருவி இல்லை. இஸ்ரேலிய அணியைச் சேர்ந்த பதினொருவரும் ஒரு ஜெர்மானியக் காவலரும் உயிரிழந்தனர். எச்சரிக்கை தாளில் இருந்தது. அது செயலாக மாறவில்லை.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் வைத்துப் பயங்கரவாதம் ஒன்றே அரங்கின் ஆபத்து என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இவ்விரண்டிலும் இறந்தவர்களைப் போலப் பல மடங்கு மக்களைப் பலிகொண்ட ஓர் ஆட்டம் 1964 மே 24ஆம் தேதி பெரு நாட்டின் லிமா நகரில் நடந்தது. டோக்கியோ ஒலிம்பிக்குக்கான கால்பந்துத் தகுதிச் சுற்று, பெருவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் இடையே. பெரு அடித்த கோலை நடுவர் மறுத்தார், இருவர் மைதானத்துக்குள் ஓடினார்கள், காவலர்கள் பார்வையாளர் பகுதியை நோக்கிக் கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசினார்கள். கண் எரிந்து மூச்சு முட்டிய மக்கள் படிக்கட்டுகளில் இறங்கி வெளியே ஓடினார்கள். படிக்கட்டுகளின் அடியில் இரும்பு ஷட்டர்கள் இழுத்து மூடப்பட்டிருந்தன. மேலிருந்து வந்தவர்களுக்குக் கீழே கதவு மூடியிருப்பது தெரியாது. கீழே நின்றவர்களால் மேலே திரும்ப முடியாது. அரசுக் கணக்கின்படியே 328 பேர் மாண்டார்கள்.

கூட்ட நெரிசலில் மிதிபட்டு இறந்தார்கள் என்று நாம் வழக்கமாகச் சொல்கிறோம். பெரும்பாலும் நடப்பது அதுவன்று. ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டால் கூட்டம் தனி மனிதர்களாக நகர்வதை விட்டு நீரைப் போல அலையடிக்கத் தொடங்குகிறது. அந்த அழுத்தத்தில் மார்புக்கூடு விரிய முடியாமல், நின்ற நிலையிலேயே மூச்சடைத்து இறக்கிறார்கள். பின்னால் இருப்பவர் வேண்டுமென்று தள்ளுவதில்லை, முன்னே நடப்பது அவருக்குத் தெரிவதில்லை. ஆகவே "மக்கள் ஒழுங்கில்லாமல் நடந்துகொண்டார்கள்" என்ற விளக்கத்தை நான் ஏற்பதே இல்லை. அரங்குகளுக்குள் கண்ணீர்ப்புகை கூடாது என்று உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. அப்படியிருந்தும் 2022 அக்டோபரில் இந்தோனேசியாவின் மலாங் பகுதியில், ஓர் உள்நாட்டு லீக் ஆட்டத்தின் முடிவில், மீண்டும் புகைக்குண்டு, மீண்டும் திறக்காத வாயில்கள். 135 உயிர்கள் போயின.

இனி, ஆயத்தம் பலித்த ஓர் இரவு. 2015 நவம்பர் 13, பாரிஸ் நகரை ஒட்டிய ஸ்தாத் த ஃபிரான்ஸ் அரங்கில் பிரான்சும் ஜெர்மனியும் மோதின. தற்கொலைத் தாக்குதலுக்கு வந்த மூவரில் ஒருவனை, நுழைவுச்சீட்டு இல்லை என்று வாயிற்காவலர் திருப்பி அனுப்பியிருந்தார். மூவரும் வெளியே வெடித்தார்கள். வெளியே ஒருவர் இறந்தார். உள்ளே ஆட்டம் நிற்கவில்லை. குடியரசுத் தலைவர் ஒல்லாந்த் ஆரவாரமின்றி அழைத்துச் செல்லப்பட்டார். ஆட்டம் முடிந்த பிறகே எந்த வாயில்கள் வழியாக வெளியேறலாம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அச்சமுற்றுத் திரும்பியவர்கள் மைதானப் புல்வெளியில் இறங்கி நின்றார்கள். மக்களிடமிருந்து செய்தியை மறைப்பது சரியா என்ற கேள்வி கடினமானது. அந்த இரவில் அது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் எப்போதும் அதை நம்ப முடியாது: ஒவ்வொருவர் கையிலும் செல்பேசி இருக்கிறது, வதந்தி அறிவிப்பை முந்திவிடும். ஆகவே தெளிவான குரலில், பார்வையாளர்களுக்குப் புரியும் மொழிகளில், எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லும் அறிவிப்பை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும்.

அரங்கு இறுகக் காக்கப்பட்டால் ஆபத்து அரங்குக்குப் போகும் சாலைக்கு இடம் மாறுகிறது. 2009 மார்ச் 3ஆம் தேதி லாகூரில் முத்தையா முரளிதரன் உள்ளிட்ட இலங்கைக் கிரிக்கெட் அணியினர் சென்ற பேருந்தைத் துப்பாக்கி ஏந்திய பயங்கரவாதிகள் மறித்துத் தாக்கினார்கள். ஓட்டுநர் மெஹர் முகமது கலீல் வண்டியை நிறுத்தாமல் அரங்குக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். வீரர்கள் பிழைத்தார்கள்; காவலுக்குச் சென்ற ஆறு காவலர்களும் பொதுமக்கள் இருவரும் பிழைக்கவில்லை.

தொண்டர்களாகிய உங்களிடம் நேரே ஒன்று. 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானின் முடிவுக்கோட்டருகே இரண்டு குண்டுகள் வெடித்தபோது, தசைப்பிடிப்புக்கும் நீரிழப்புக்கும் என்று அமைத்திருந்த மருத்துவக் கூடாரம் நொடியில் காயச் சிகிச்சைக் கூடமாயிற்று. மூவர் இறந்தார்கள், ஆனால் மருத்துவமனைக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தவர் அத்தனை பேரும் பிழைத்தார்கள். அருகில் நின்றவர்கள் இடைவாரையும் துணியையும் கொண்டு கால்களை இறுக்கிக் கட்டி இரத்தப்போக்கை நிறுத்தியது அதற்கு ஒரு பெருங்காரணம். அந்தக் கட்டைப் போடக் கற்றுக்கொள்ள ஒரு பிற்பகல் போதும்.

நெருக்கும் கூட்டத்தில் சிக்கினால் இரு கைகளையும் மார்புக்கு முன் மடக்கி மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியாதீர்கள். அலையை எதிர்த்துத் தள்ளாமல், அது தணியும்போது பக்கவாட்டில் நகருங்கள். உட்காருமுன் வெளியேறும் வழி எது என்று பாருங்கள். இந்த அரங்குக்கு மூன்று கதவுகள். நான் பேச ஏறுமுன் மூன்றையும் தள்ளிப் பார்த்தேன். இடப்பக்கத்துப் பின்கதவு பூட்டியிருந்தது; சொன்னவுடன் பணியாளர் வந்து திறந்துவிட்டார்.