கோல் வலைக்குள் குதித்த தீயணைப்பு வீரர்

பந்து கோலுக்குள் விழுகிறது. வலைக்குள் நின்று அதைக் கையில் பிடித்தவர் கோல்கீப்பர் இல்லை, கோல் போட்ட அணியின் ஸ்ட்ரைக்கர்! நடுவரும் கோல் செல்லும் என்று சொல்லிவிட்டார். எப்படி? அதற்குத்தான் இந்த வீடியோ, பாதியில் ஓடிவிடாதீர்கள்.

ஆளின் பெயர் குன்னார் நூர்தால். 1921-இல் வடக்கு சுவீடனில் ஹோர்னெஃபோர்ஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தார். சகோதரர்கள் ஐந்து பேர், ஐந்து பேருமே பெரிய அளவில் கால்பந்து ஆடினார்கள், அம்மா எத்தனை சேற்றுக் காலுறை துவைத்தாரோ பாவம். அப்போது சுவீடனில் கால்பந்தை வைத்துப் பிழைக்க முடியாது. அதனால் நோர்ஷோப்பிங் நகரில் தீயணைப்பு வேலை, மிச்ச நேரத்தில் கோல்.

சரி, வலைக்கு வருவோம். 1948, லண்டன் ஒலிம்பிக் அரையிறுதி, எதிரில் டென்மார்க். சுவீடன் பந்தோடு ஏறி வருகிறது, நம்ம ஆள் மட்டும் கோலுக்குப் பக்கத்தில் ஆஃப்சைடில் தனியாக மாட்டிக்கொண்டு நிற்கிறார். ஆஃப்சைடு தெரியாதவர்களுக்கு: சக ஆட்டக்காரர் பந்தைத் தொடும் நொடியில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி கோல் பக்கம் நின்றுகொண்டு ஆட்டத்தில் தலையிட்டால் தப்பு. திரும்பி ஓட நேரமில்லை. மனிதர் கோட்டைத் தாண்டி வலைக்குள்ளேயே குதித்துவிட்டார்! மைதானத்திலேயே இல்லாதவன்மேல் எப்படி ஆஃப்சைடு போடுவீர்கள்? சக ஆட்டக்காரர் ஹென்றி கார்ல்சன் தலையால் முட்டிய பந்து உள்ளே வர, மரத்தடியில் மாங்காய்க்குக் காத்திருந்த பையன் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டார்.

இதைவிட எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா, இன்றைய விதிப்புத்தகத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. பந்து கோலுக்குள் போகும்போது தாக்கும் அணியின் ஆள் இரண்டு கம்பங்களுக்கு நடுவே, கோலுக்குள் அசையாமல் நின்றால், வேறு தப்பு எதுவும் செய்யாதவரை கோல் செல்லும். யாராவது ஒருவர் இப்போது முயன்று பார்த்தால் வீடியோ நடுவர்கள் முழிப்பதைப் பார்க்க நான் டிக்கெட்டே வாங்குவேன். ஒலிம்பிக்கில் மொத்தம் 7 கோல் அடித்த நூர்தால், இந்த அரையிறுதியில் ஒன்றுகூட அடிக்கவில்லை என்பது தனி வேடிக்கை. சுவீடன் 4-2 என்று வென்றது, அப்புறம் தங்கமும் வாங்கியது.

1949 ஜனவரியில் இத்தாலியின் ஏசி மிலன் கிளப் அவரைக் கூட்டிக்கொண்டு போனது. ஐந்து சீசன்களில் இத்தாலிய லீகிலேயே அதிக கோல் அவருடையதுதான். இத்தாலிய லீகில் மொத்தம் 291 ஆட்டம், 225 கோல். இன்னொரு இத்தாலிய கிளப்பான ரோமாவின் செல்லப்பிள்ளை டோட்டி 250 அடித்திருக்கிறார், ஆனால் அதற்கு அவருக்கு 619 ஆட்டம் தேவைப்பட்டது. காலம் வேறு, தற்காப்பு வேறு, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் இரண்டு மடங்குக்கு மேல் ஆட்டம் ஐயா! டோட்டி ரசிகர்கள் கமெண்டில் வந்து திட்டுங்கள், படிக்கிறேன்.

எனக்குக் கோபம் வருகிற இடம் இது. காசுக்கு ஆடப் போனவர்களுக்கு சுவீடன் தேசிய அணியில் இடம் கிடையாது என்பது அன்றைய விதி. 33 ஆட்டத்தில் 43 கோல் அடித்தவர் 27 வயதில் வெளியே! 1950 உலகக் கோப்பையில் அவர் இல்லாமலேயே சுவீடன் மூன்றாவது இடம் பிடித்தது. 1958-இல் உலகக் கோப்பை சுவீடனிலேயே நடந்தது, விதியும் தளர்ந்திருந்தது, மிலனில் அவரோடு ஆடிய கிரெனும் லீட்ஹோல்மும் பிரேசிலுக்கு எதிரான இறுதிப் போட்டிவரை போனார்கள். நூர்தால் அணியில் இல்லை. வயது காரணம் என்று சொல்லாதீர்கள், கிரென் அவரைவிட ஒரு வயது மூத்தவர்.

பயிற்சியாளர் வாழ்க்கை? ரோமாவில் ஆடிக்கொண்டே தொடங்கி, பிறகு சுவீடன் திரும்பி டேகர்ஃபோர்ஸ், நோர்ஷோப்பிங் போன்ற அணிகளைப் பார்த்துக்கொண்டார், மிலன் அளவுக்கு மினுக்கம் இல்லை, அவ்வளவுதான்.

1970-இல் மெக்சிகோ உலகக் கோப்பைக்குப் போன சுவீடன் அணிப் பட்டியலில் ஒரு நூர்தால் இருந்தார். தாமஸ், குன்னாரின் மகன்.