வீட்டு இலக்கம் இல்லாத கடிதம்

நேயர்களுக்கு வணக்கம்.

இனவாதம் என்ற சொல் இன்று நம் இலங்கையில் மலிந்துவிட்டது. மேடையில் எதிராளியை மடக்க 'இனவாதி' என்றால் போதும்; அவரும் அதையே திருப்பி வீசுவார். கேட்டுக் கேட்டு, இனவாதம் என்றால் ஆத்திரமாகப் பேசுவது என்றே பலர் எண்ணிவிட்டார்கள்.

மலையகத்தில், இந்தியாவிலிருந்து வந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வழியில் பிறந்த என்னால் அப்படி எண்ண முடியாது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் யாரையும் ஏசவில்லை. தமிழர் என்ற சொல்கூட அதில் இல்லை. தகப்பன் இலங்கையில் பிறந்தவரா? இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா? இவ்வளவுதான் கேள்வி. லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில், பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் அதற்குப் பத்திரம் இருந்திருக்கும்? 1947இல் ஏழு பேரைப் பாராளுமன்றம் அனுப்பிய எங்கள் மக்களில் பெரும்பாலோர், பிரஜாவுரிமை இழந்து, அடுத்த தேர்தலில் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை. 1964இல், அப்படி நாடற்றுப் போனவர்களைப் பங்கிட, இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று கொழுந்து நிறுப்பதுபோல் நிறுத்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். நிறுக்கப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இனப் பாரபட்சத்துக்கு எதிராக ஐக்கிய நாடுகள் சபை 1965இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையில் இலங்கையும் 1982இல் சேர்ந்தது. இனம், நிறம், வம்சாவளி, தேசிய அல்லது இனத்துவ மூலம் ஆகியவற்றைக் காட்டி ஒருவரின் உரிமையைக் குறைப்பது பாரபட்சம் என்கிறது அது. நோக்கம் அதுவாக இருந்தாலும் சரி, விளைவு அதுவாக இருந்தாலும் சரி. இந்த 'விளைவு' என்ற சொல்லைத்தான் நான் இறுகப் பிடித்துக்கொள்கிறேன். வம்சாவளி என்ற சொல்லையும் விடமாட்டேன். 'தோட்டக்காட்டான்' என்று தோட்டத்து மக்களான நம்மை இழிவாகச் சொன்னவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு. ஒரே மொழி, ஒரே கோயில் என்பதால் அந்தச் சொல்லின் நஞ்சு குறைந்துவிடாது.

பாடசாலை முடித்த வருடம் எனக்கு ஒரு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. எங்கள் தபாலெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் போகும். அங்கே மேசையில் கிடந்து, குறித்த நாள் கழிந்து நான்கு நாட்களுக்குப் பிறகே அம்மாவின் கைக்கு வந்தது. ஆபீசில் இருந்தவர் என்னை வெறுத்தவர் அல்லர்; தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பலகாரம் சாப்பிட்டவர். ஆனால் அந்த வேலை போனது போனதுதான்.

கடிதம் இன்னும் அம்மாவின் தகரப் பெட்டியில் இருக்கிறது. உறையின் மேல் என் பெயர், அதன் கீழே தோட்டத்தின் பெயர். வீட்டு இலக்கம் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது.