மூணு குஷன் பட்டும் புள்ளி ஏன் வரல? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். "கேரம் பில்லியர்ட்ஸ்ல பாக்கெட்டே இல்லையே, புள்ளி எப்படி வரும்? மூணு குஷன் ஆட்டத்துல என் பந்து குஷன்ல மூணு தடவை பட்டுச்சு, ரெண்டு பந்தையும் தொட்டுச்சு. ஆனா புள்ளி இல்லன்னுட்டாங்க, ஏன்? ஃபவுல் ஆனா மைனஸ் உண்டா?" இதான் கேள்வி.

அடிப்படைய முதல்ல சொல்லிடறேன். டேபிளைச் சுத்தி இருக்கற ரப்பர் ஓரம்தான் குஷன். டேபிள்ல மொத்தமே மூணு பந்துதான். வெள்ளை, மஞ்சள், சிவப்பு. வெள்ளை ஒருத்தருக்கு, மஞ்சள் இன்னொருத்தருக்கு, ஆட்டம் முடியற வரைக்கும் அது மாறாது. உங்க பந்தை கியூவால, அதாவது ஆடற கோலால அடிக்கணும், அது மத்த ரெண்டு பந்தையும் தொடணும். தொட்டா 1 புள்ளி, அடுத்த அடியும் உங்களுக்குத்தான். தவறினா எதிராளி வருவார்.

இதை இப்படியே ஆடினா அது லீப்ரேங்கற ஆட்டவகை. குஷன் படணும்னு கட்டாயம் கிடையாது. ஆனா நல்லா ஆடத் தெரிஞ்சவங்க மூணு பந்தையும் ஒரு மூலையில ஒண்ணா சேர்த்து வச்சுக்கிட்டு, தட்டித் தட்டியே நூத்துக்கணக்குல எடுத்துடுவாங்க. பார்க்கறவங்களுக்குக் கொட்டாவிதான் வரும். அதுக்காகத்தான் டேபிள்ல கோடு போட்டுக் கட்டம் பிரிக்கற பால்க்லைன் ஆட்டம் வந்துச்சு. ஒரு குஷன், மூணு குஷன்னு கண்டிப்பு இன்னும் ஏறுச்சு.

இப்போ உங்க புள்ளி எங்க போச்சுன்னு பார்ப்போம். உங்க பந்து ரெண்டாவது பந்தைத் தொடறதுக்கு முன்னாடியே மூணு தடவை குஷன்ல பட்டிருக்கணும். கணக்கு அந்த நொடியோட முடிஞ்சுது. சிவப்பைத் தொட்டு, ரெண்டு குஷன் பட்டு, மஞ்சளைத் தொட்டு, அப்புறம் மூணாவது குஷன்ல போய்ப் பட்டுச்சுன்னா, அது செல்லாது. உங்களுக்கும் அனேகமா இதான் நடந்திருக்கும்.

ஆனா அந்த மூணும் எப்போ வரணும்னு வரிசை எதுவும் கிடையாது. ஒரு பந்தைத் தொட்டுட்டு மூணு குஷன் போகலாம். ரெண்டு குஷன், ஒரு பந்து, ஒரு குஷன், அப்புறம் கடைசிப் பந்துன்னு போகலாம். எந்தப் பந்தையும் தொடாம மூணு குஷனையும் முதல்லயே முடிச்சுட்டு, அப்புறம் ரெண்டு பந்தையும் அடுத்தடுத்துத் தொடலாம். எல்லாமே 1 புள்ளிதான். மூணும் வேற வேற குஷனா இருக்கணும்னும் இல்ல. சுழற்சி குடுத்து ஒரே குஷன்ல ரெண்டு தடவை பட வச்சா, அது ரெண்டுன்னுதான் கணக்கு. எனக்கு இந்த ஆட்டத்துல ரொம்பப் பிடிச்சதே இந்தச் சுதந்திரம்தான். அதுக்காக ஈஸின்னு நினைக்காதீங்க, உலகத் தரத்துல ஆடறவங்களுக்கே சராசரி ஒரு இன்னிங்ஸுக்கு, அதாவது ஆட வர்ற ஒரு முறைக்கு, 2 புள்ளியை ஒட்டித்தான் இருக்கும்.

ஒரு விதிவிலக்கு, ஆட்டத்தோட முதல் அடி. அதுல சிவப்பைத்தான் முதல்ல தொடணும். அதுக்கப்புறம் எதை வேணா முதல்ல தொடலாம்.

ஃபவுலுக்கு மைனஸ் கிடையாது. பந்தை ரெண்டு தடவை தட்டறது, கியூவை எடுக்காம தள்ளிக்கிட்டே போறது, எதிராளி பந்தை கியூவால அடிச்சிடறது, பந்து ஓடிட்டிருக்கும்போதே அடுத்ததை அடிக்கறது, ஒரு கால்கூட தரையில படாம அடிக்கறது, பந்து டேபிளை விட்டு வெளிய போறது, இதெல்லாம் ஃபவுல். அந்த அடியில வந்த புள்ளி சேராது, முறை எதிராளிக்குப் போயிடும். முன்னாடி எடுத்த புள்ளியில கை வைக்க மாட்டாங்க.