காய்ச்சல் விட்டாச்சு, நாளைக்கு வேலைக்குப் போகலாமா?

எல்லாருக்கும் வணக்கம். பின்னால் பஸ் ஹாரன் கேட்டுக்கொண்டே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வேலூர் சத்துவாச்சாரியில் ரோட்டோரம் வீடு இருந்தால் இப்படித்தான். இன்றைக்குச் சமையல் வீடியோ கிடையாது, டெங்கு பற்றித்தான் பேச்சு. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். தெருவில் நின்று பேசினால் நோயைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. எத்தனை நாள் சம்பளம் போகும், அரையாண்டுப் பரீட்சைக்குள் பையன் தேறிவிடுவானா, இதுதான் கேள்வி.

நான் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கிறேன், பழைய ஆட்களுக்குத் தெரியும். மாதம் முழுக்க லீவு போடாமல் வந்தால் எங்களுக்குத் தனியாக ஒரு தொகை உண்டு. ஒரு நாள் போட்டாலும் அது போச்சு. என் பக்கத்து மெஷின் அக்காவுக்கு நல்ல காய்ச்சல் அடித்து, ஐந்தாம் நாள் காலையில் உடம்பு சில்லென்று ஆகிவிட்டது. உடனே கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டார். சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெஷின் மேல் சாய்ந்தார். கையில் இருந்த பீஸ் பாதித் தையலில் ஊசியில் மாட்டிக்கொண்டு நின்றது. ஒரே வாந்தி. சூப்பர்வைசர் கேட்டது என்ன தெரியுமா? "காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, அப்புறம் என்ன?"

அங்கேதான் விஷயம் இருக்கிறது. மற்ற காய்ச்சலில் சூடு இறங்கினால் தப்பித்தோம். டெங்குவில் சூடு இறங்குகிற நேரம்தான் ஆபத்து. பெரும்பாலும் 3-ஆம் நாளிலிருந்து 7-ஆம் நாளுக்குள் காய்ச்சல் விடும். அதற்குப் பிறகு வரும் 24 முதல் 48 மணி நேரத்தில் சிலருக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறும், பிரஷர் இறங்கும். தாங்க முடியாத வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் ஜில்லிட்டுப் போவது, பிள்ளை சுருண்டு படுத்துக்கொள்வது, இதில் ஒன்று தெரிந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அக்காவை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், டிரிப்ஸ் ஏற்றினார்கள், தேறிவிட்டார். ஆக, எந்த இரண்டு நாள் படுத்திருக்க வேண்டுமோ, சரியாக அந்த இரண்டு நாளில்தான் நாம் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கிளம்புகிறோம்.

சம்பளத்துக்கு வருவோம். இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் பிடிக்கிற கம்பெனி என்றால், டிஸ்பென்சரி டாக்டர் சான்றிதழ் கொடுத்த நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். வருஷத்துக்கு 91 நாள் வரை உண்டு. முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகப் பணம் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். மாதா மாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், ஆனால் இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் எங்கள் லைனில் எத்தனை பேர்? மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்துவிட்டால் சான்றிதழ் எங்கிருந்து வரும்? அந்த மாத்திரையிலும் ஒரு கவனம். பாராசிட்டமால் சரி. உடம்பு வலிக்கு என்று புரூஃபன், ஆஸ்பிரின் போட வேண்டாம், ரத்தக் கசிவு அதிகமாகும். நிலவேம்புக் கஷாயம் குடிப்பவர்கள் குடியுங்கள், நான் தடுக்கவில்லை. அதை நம்பி ரத்தப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

குடியாத்தத்தில் என் அண்ணி பீடி சுற்றுகிறார். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. சுற்றாத நாளுக்கு யார் கொடுப்பார்கள்? அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. காய்ச்சலோடு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்கிறார்.

பிள்ளைகள் விஷயம். டெங்கு தொட்டால் ஒட்டாது, பக்கத்தில் உட்கார்ந்தாலும் ஒட்டாது, கொசு வழியாகத்தான் வரும். ஆனால் காய்ச்சல் அடிக்கிற பிள்ளையைக் கடித்த கொசு சுமார் பத்து நாளில் அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கும். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் பகலில் கடிக்கிற கொசு, காலையிலும் சாயங்காலம் இருட்டும் முன்பும் அதிகம். ராத்திரி கொசுவலை கட்டிவிட்டு, பகலில் அரை டிராயரோடு டியூஷனுக்கு அனுப்பினால் என்ன பிரயோஜனம்? முழுக்கால் பேன்ட் போடச் சொல்லுங்கள். காய்ச்சல்காரர் பகலில் தூங்கினாலும் வலைக்குள் தூங்கட்டும்.

அப்புறம் நம் ட்ரம். தண்ணியில்லா ஆறு என்று நம் ஊரைக் கிண்டல் செய்வார்கள் இல்லையா? அந்தப் பஞ்சத்தில் பழகித்தான் வீட்டுக்கு நாலு ட்ரம் வைத்திருக்கிறோம். போன வாரம் மாநகராட்சியிலிருந்து வந்த பெண் எங்கள் ட்ரம்முக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். குட்டிக் குட்டியாகக் கொசுப்புழுக்கள், வெளிச்சம் பட்டதும் நெளிந்துகொண்டு கீழே இறங்கின. சாக்கடையில் இல்லை, நாம் குளிக்கிற நல்ல தண்ணீரில்! தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது என்றார். கொசு முட்டை ட்ரம்மின் உள்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. வாரம் ஒரு தடவை நார் போட்டு உள்பக்கம் தேய்த்துக் கழுவி, துணி கட்டி மூட வேண்டும். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டையும் பாருங்கள், யாரும் பார்ப்பதில்லை.

கடைசியாக ஒன்று. லீவு சொல்லும்போது "காய்ச்சல் விட்டதும் வந்துடறேன் சார்" என்று சொல்லாதீர்கள். டாக்டர் எழுதித் தரும் தேதிக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள். மாத்திரை இல்லாமலே இரண்டு நாள் காய்ச்சல் வராமல், பசி எடுத்து, ரத்தத்தில் பிளேட்லெட் (தட்டணு) எண்ணிக்கை ஏற ஆரம்பித்த பிறகு கிளம்புங்கள். பள்ளிக்கூடத்துக்கும் அப்படியே, ரத்த ரிப்போர்ட் நகலை லீவு லெட்டரோடு பின் அடித்துக் கிளாஸ் டீச்சரிடம் கொடுத்துவிடுங்கள். இ.எஸ்.ஐ. பற்றிச் சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள், அடுத்த வாரம் அக்காவோடு டிஸ்பென்சரிக்குப் போகிறேன், கேட்டுக்கொண்டு வருகிறேன்.