கரையாமல் வந்த மாத்திரை

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருப்பவன் நான். ஒருநாள் காலை, வழக்கமாக வருகிற ஆயா ஒருவர் காகிதப் பொட்டலம் ஒன்றைக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். "இன்னா நைனா, துட்டு குட்த்து வாங்கன சக்கர மாத்திர, அப்டியே வெளிய வந்துகீது. போலியா?" பொட்டலத்தை நான் பிரிக்கவில்லை. எங்கிருந்து வெளியே வந்தது என்றும் கேட்கவில்லை.

போலி இல்லை. அது மெட்ஃபார்மின் எஸ்.ஆர்., அதாவது மருந்தை ஒரேயடியாக இறக்காமல் மெல்ல மெல்லக் கசியவிடுகிற வகை. மருந்து உடம்பில் இறங்கியாகிவிட்டது. வெளியே வந்தது அதைச் சுமந்துபோன பாலிமர். பள்ளிப் புத்தகத்தில் பலபடி என்று படித்திருப்பீர்கள். சின்ன மூலக்கூறுகள் கைகோத்து நீண்ட சங்கிலியானால் பாலிமர். பிளாஸ்டிக் குடமும் அதுதான், பருத்தி நூலும் அதுதான். இந்த மாத்திரையில் இருப்பது செல்லுலோஸிலிருந்து செய்கிற ஹெச்.பி.எம்.சி.

சொன்னால் ஆயா நம்பவில்லை. தேதி முடிந்த அட்டையிலிருந்து அதே மாத்திரை ஒன்றை டம்ளர் தண்ணீரில் போட்டு, "சாயங்காலம் வந்து பாருங்க ஆயா" என்றேன்.

ரோஸ்மில்க்கில் போடுகிற சப்ஜா விதை தண்ணீர் பட்டதும் வழவழவென்று உறை கட்டிக்கொள்கிறதல்லவா? வயிற்றுக்குள் மாத்திரையும் அப்படித்தான் கூழ் கட்டுகிறது. உள்ளே இருக்கும் மருந்து அந்தக் கூழைக் கடந்துதான் வெளியே வரவேண்டும். உள்பக்கம் நீர் ஊற ஊறக் கூழ் தடிக்கும். வெளிப்பக்கம் மெல்லத் தேயும். இந்த இழுபறிதான் மருந்து எத்தனை மணி நேரம் கசியும் என்பதைத் தீர்மானிக்கிறது.

இது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. 1952-லேயே அமெரிக்காவில் ஸ்மித் கிளைன் அண்ட் ஃபிரெஞ்ச் கம்பெனி ஒரு கேப்ஸ்யூலுக்குள் நூற்றுக்கணக்கான குருணைகளை வைத்து விற்றது. சிலவற்றுக்கு மெல்லிய பூச்சு, சிலவற்றுக்குத் தடித்த பூச்சு. கல்யாண வீட்டில் முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று ஆளை உட்கார வைப்பதுபோல மருந்தையும் முறைவைத்து இறக்கினார்கள்.

பந்தியைக் கலைத்தால் என்ன ஆகும் என்பதை என் வீட்டில் பார்த்தேன். அம்மாவுக்கு பி.பி.க்கு நிஃபெடிபின் ரிட்டார்ட். விழுங்க முடியவில்லை என்றார். கரண்டிக் காம்பால் நசுக்கித் தேனில் குழைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, எழுந்தவர் சுவரைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். 12 மணி நேரத்துக்கான மருந்தை ஒரே மூச்சில் இறக்கியது நான்தான். அப்போது கடை வைத்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது, வெட்கக்கேடு.

அட்டையில் பெயருக்குப் பக்கத்தில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர்., ரிட்டார்ட் என்று இருந்தால் நசுக்காதீர்கள், மெல்லாதீர்கள். நடுவே கோடு போட்ட சிலவற்றைப் பாதியாக உடைக்கலாம். அதையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். விழுங்க முடியாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு வடிவம் எழுதித் தருவார்.

பாலிமர் எல்லாமே வெளியேறும் என்றும் இல்லை. புராஸ்டேட் புற்றுநோய்க்கு மாதம் ஒருமுறை போடுகிற லியூப்ரோலைடு ஊசிக்கு 1989-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதிலுள்ள நுண்ணுருண்டைகள் பி.எல்.ஜி.ஏ. என்ற பாலிமர். உடம்புக்குள் அது லாக்டிக் அமிலமாகவும் கிளைகோலிக் அமிலமாகவும் உடைந்துபோகும். லாக்டிக் அமிலம் யாரென்றால், நம் தயிரைப் புளிக்கவைக்கிறதே, அதே ஆள்தான்.

காசிமேட்டில் ஒதுக்குகிற இறால் ஓட்டிலும் ஒரு சரக்கு இருக்கிறது. அந்த ஓட்டை அமிலத்திலும் காரத்திலும் போட்டுப் பக்குவப்படுத்தினால் கைட்டோசான் என்ற பாலிமர் கிடைக்கும். மருந்து சுமக்க அதைப் பழக்குகிற ஆராய்ச்சி பல நாடுகளில் நடக்கிறது. மீன் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்களுக்கு இது தெரியாது.

சாயங்காலம் ஆயா வந்தார். டம்ளருக்குள் மாத்திரை ஊதிப்போய், ஓரமெல்லாம் கண்ணாடிபோலத் தெரிந்தது. விரலால் அழுத்திப் பார்த்தார். "வேகவெச்ச ஜவ்வரிசிகணக்கா கீது" என்றவர், காலையில் கொண்டுவந்த பொட்டலத்தை மறக்காமல் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். மருமகளுக்குக் காட்டவேண்டுமாம்.