வாசலில் நிற்பவர்களும் உள்ளே இருப்பவர்களும்

(திருவொற்றியூரில் நடந்த வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய நாடுகளைச் சேர்க்கலாமா கூடாதா என்பது இன்றைய தலைப்பு. அழைக்க வந்த தம்பியிடம், "இதைக் கேட்கத் தேரடிப் பக்கம் யார் வருவார்கள்?" என்றேன். "ரஷ்யாவைப் பற்றி இங்கே நூறு வருடமாகக் கூட்டம் போடுகிறார்கள், நீங்கள் தைரியமாக வாருங்கள்" என்றார். நாற்காலி போதாமல் நிற்பவர்களைப் பார்க்கும்போது அவர் சொன்னது சரிதான் என்று தெரிகிறது.

2023 டிசம்பர் 14. ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரஸ்ஸல்ஸ் நகரம். 27 நாட்டுத் தலைவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். போரில் இருக்கும் உக்ரைனோடு உறுப்பினர் பேச்சுவார்த்தையைத் தொடங்கலாமா என்பது அவர்கள் முன் இருந்த கேள்வி. 26 பேர் சரி என்றார்கள். ஹங்கேரிப் பிரதமர் விக்டர் ஓர்பான் மட்டும் முடியாது என்றார். ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் விழுந்துவிடும். அப்போது ஜெர்மனியின் சான்சலர் ஓலாஃப் ஷோல்ட்ஸ், நீங்கள் கொஞ்சம் வெளியே போய்க் காபி குடித்துவிட்டு வரலாமே என்று அவருக்கு யோசனை சொன்னார். ஓர்பான் எழுந்து போனார். அவர் இல்லாத சில நிமிடங்களில் தீர்மானம் நிறைவேறியது. அதே இரவு உக்ரைனுக்கு 5,000 கோடி யூரோ உதவி என்ற விஷயம் வந்தபோது அறைக்குள் இருந்தார், தடுத்தார். அந்தப் பணத்துக்கு 2024 பிப்ரவரிவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சுமார் 45 கோடி மக்கள் வாழும் ஒன்றியம், ஒருவர் கதவுக்கு எந்தப் பக்கம் இருக்கிறார் என்பதை வைத்து முடிவெடுத்தது. இதைச் சாமர்த்தியம் என்று புகழ்ந்தவர்கள் உண்டு. எனக்கு அது வெட்கக்கேடாகவே பட்டது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய நாடுகளைச் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒற்றை நாடு நினைத்தால் எந்தப் படியிலும் நிறுத்திவிடலாம் என்ற இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு சேர்ப்பது, வருபவர்களையும் கெடுக்கும், இருப்பவர்களையும் கெடுக்கும்.

வரலாற்றை வேகமாகக் கடந்துவிடுவோம். 1951-இல் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் ஆகிய ஆறும் நிலக்கரியையும் எஃகையும் பொது நிர்வாகத்தில் வைத்தன. பீரங்கி வார்க்கிற பொருள் பொதுவில் இருந்தால் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் போருக்குத் தயாராக முடியாது என்பது கணக்கு. பிரிட்டன் வந்து கேட்டபோது பிரெஞ்சு அதிபர் தெ கோல் 1963-இலும் 1967-இலும் முடியாது என்று திருப்பி அனுப்பினார். அவர் போன பிறகு 1973-இல் நுழைந்த பிரிட்டன், 2020-இல் வெளியேறியது. தெ கோல் உயிரோடு இருந்திருந்தால் மீசைக்குள் சிரித்திருப்பார். 1981-இல் கிரீஸ், 1986-இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும்: மூன்றுமே 1970களின் நடுப்பகுதிவரை சர்வாதிகாரத்தில் கிடந்த நாடுகள். 2004-இல் ஒரே நாளில் பத்து நாடுகள். 2007-இல் ருமேனியா, பல்கேரியா. 2013-இல் குரோவேஷியா. அதற்குப் பிறகு பத்தாண்டுகளுக்கு மேல் ஒருவர்கூட உள்ளே போகவில்லை.

சேர்த்ததால் கெட்டது என்ன என்று கேட்பீர்கள். பயமுறுத்தியவர்கள் அப்போதும் இருந்தார்கள். 2005-இல் பிரான்சில் "போலந்து பிளம்பர்" ஒரு பூச்சாண்டியாகவே ஆகிவிட்டார். குறைந்த கூலிக்கு வந்து நம் வேலையை எல்லாம் பிடுங்கிவிடுவார் என்று மேடைதோறும் பேசினார்கள். ஒன்றியத்தின் சராசரித் தலா வருமானத்தில் பாதியளவில் நுழைந்த போலந்து, இருபது ஆண்டுகளில் ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிட்டது. உண்மையில் அடி வாங்கியது அனுப்பி வைத்த ஊர்கள்தான். பல்கேரியாவிலும் லாட்வியாவிலும் இளைஞர்கள் கிளம்பிப்போய், மக்கள்தொகையே சுருங்கிவிட்டது. பிள்ளையை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் பெற்றோர் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். பணம் வரும், ஆள் வரமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இது சேர்ப்பதற்கு எதிரான வாதம் அல்ல. ஆனால் புள்ளிவிவரத்தை மட்டும் காட்டி வெற்றி முரசு கொட்டுபவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

இப்போது தடை அதிகாரத்துக்கு வருகிறேன். ஒரு நாடு விண்ணப்பித்தால் 35 அத்தியாயங்களில் பேச்சுவார்த்தை: மீன்வளம், விவசாயம், நீதித்துறை, சுற்றுச்சூழல் என்று. இப்போது அவற்றை ஆறு தொகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். தொகுப்பைத் திறக்க 27 நாடுகளும் தலையாட்ட வேண்டும். ஒவ்வொரு அத்தியாயத்தையும் மூட மறுபடி 27 நாடுகளும் தலையாட்ட வேண்டும். எல்லாம் முடிந்து ஒப்பந்தம் எழுதினால், 27 நாடுகளும் தனித்தனியே ஒப்புதல் கொடுக்க வேண்டும். அவரவர் பழைய பகையைத் தீர்த்துக்கொள்ள இதைவிட வசதியான இடம் உலகத்தில் கிடையாது.

காசிமேட்டிலிருந்து வந்திருப்பவர்களுக்கு ஒரு கடல் கதை. ஸ்லோவீனியாவுக்கு மொத்தக் கடற்கரையே ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. பிரான் வளைகுடாவில் அதற்கும் குரோவேஷியாவுக்கும் எல்லைத் தகராறு. ஸ்லோவீனியா 2004-இலேயே உறுப்பினர், குரோவேஷியா வாசலில். வளைகுடாவில் எங்கள் பங்கு தீராமல் நீ உள்ளே வர முடியாது என்று 2008 இறுதியில் பேச்சுவார்த்தையை நிறுத்தியது ஸ்லோவீனியா. ஏறத்தாழ ஒரு வருடம் எல்லாம் முடங்கியது. பிறகு நடுவர் மன்றத்துக்குப் போகிறோம் என்று சமாதானம் பேசி, 2013-இல் குரோவேஷியா உள்ளே வந்தது. 2017-இல் தீர்ப்பு வந்தது. குரோவேஷியா அதை ஏற்கவில்லை. அதுதான் உறுப்பினராகிவிட்டதே, இனி யார் என்ன செய்ய முடியும்? எல்லைத் தாண்டியதாக இரண்டு பக்கத்து மீனவர்களும் அபராதச் சீட்டு வாங்கியதுதான் மிச்சம்.

சைப்ரஸ் கதையும் இதே ரகம். பிளவுபட்ட தீவை ஒன்றாக்க ஐ.நா. தயாரித்த திட்டத்தை 2004 ஏப்ரல் வாக்கெடுப்பில் துருக்கிய சைப்ரஸ் மக்கள் ஏற்றார்கள், கிரேக்க சைப்ரஸ் மக்கள் நிராகரித்தார்கள். ஒரு வாரத்தில் நிராகரித்த தரப்பின் அரசு ஒன்றியத்துக்குள் போய் உட்கார்ந்தது. 2009-இல் துருக்கியின் ஆறு அத்தியாயங்களைத் தான் ஒருவனாகவே தடுத்தது.

எல்லாவற்றையும் விட என் வயிற்றெரிச்சலைக் கிளப்புவது மாசிடோனியா. சுமார் இருபது லட்சம் பேர் உள்ள நாடு. 2005-இல் வேட்பாளர் நாடாக, அதாவது உறுப்பினராகக் காத்திருக்கும் நாடாக, ஏற்றார்கள். கிரீஸ் எழுந்து, மாசிடோனியா என்பது எங்கள் மாநிலத்தின் பெயர், மாவீரன் அலெக்சாந்தர் எங்கள் ஆள், பெயரை மாற்றினால்தான் ஆச்சு என்றது. மாசிடோனியர்கள் முதலில் முறுக்கினார்கள். தலைநகர் ஸ்கோப்பியேயின் விமான நிலையத்துக்கு அலெக்சாந்தர் பெயரை வைத்தார்கள். நடுச் சதுக்கத்தில் குதிரை வீரனின் பிரம்மாண்டமான சிலையை நிறுத்தினார்கள். பிறகு வந்த அரசு இறங்கி வந்தது. விமான நிலையத்தின் பெயரை எடுத்தது. 2018 ஜூனில் பிரெஸ்பா ஏரிக்கரையில் உடன்பாடு. 2019 பிப்ரவரியில் நாடு தன் பெயரையே "வட மாசிடோனியா" என்று மாற்றிக்கொண்டது. எல்லைப் பலகை, பாஸ்போர்ட் எல்லாம் மாறின. ஒரு நாடு உறுப்பினராவதற்காகத் தன் பெயரை மாற்றிக்கொண்டது. இதற்குமேல் என்ன கேட்பது?

கேட்டார்கள். 2019 அக்டோபரில் பிரான்ஸ், சேர்க்கும் முறையையே முதலில் திருத்த வேண்டும் என்று நிறுத்தியது. அது ஒருவழியாகத் தீர்ந்ததும் 2020 நவம்பரில் பல்கேரியா எழுந்தது. உங்கள் மொழி எங்கள் மொழியின் கிளை, உங்கள் வரலாற்றைத் திருத்துங்கள் என்றது. 2022-இல், உங்கள் அரசியல் சட்டத்தில் பல்கேரியரையும் ஒரு சமூகமாகச் சேருங்கள் என்ற நிபந்தனையோடு வழி விட்டது. பெயரை மாற்றிய அரசு தேர்தலில் தோற்றது. 2024-இல் வந்தவர்கள் இதற்குமேல் வளைய மாட்டோம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஒற்றை ஆள் தடை என்ன செய்யும் என்பதற்கு ஐரோப்பாவிலேயே பழைய பாடம் உண்டு. 1569-இல் போலந்தும் லித்துவேனியாவும் ஒரே அரசாக இணைந்தன. அந்த நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு உறுப்பினர் எழுந்து "அனுமதிக்க மாட்டேன்" என்றால் கூட்டத்தொடரே கலைந்துவிடும். 1652-இல் ஒருவர் முதன்முதலாக அப்படிச் செய்தார். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. மூன்றாம் அகஸ்டஸ் ஆண்ட முப்பது ஆண்டுகளில் ஒரே ஒரு கூட்டத்தொடர்தான் ஒழுங்காக முடிந்தது. பக்கத்து ரஷ்யாவுக்கும் பிரஷ்யாவுக்கும் படை தேவைப்படவில்லை. ஓர் உறுப்பினரின் விலை தெரிந்தால் போதும். 1791-இல் அந்த வழக்கத்தை ஒழித்தார்கள். நான்கே ஆண்டுகளில் நாடே வரைபடத்தில் இல்லை. மீண்டும் வர 1918 ஆயிற்று.

இங்கே ஒரு மறுப்பு வரும் என்று எனக்குத் தெரியும். மாநில உரிமை பேசிப் பழகிய மண் இது. சிறிய நாட்டுக்கு அந்தத் தடை ஒன்றுதானே ஆயுதம், அதையும் பிடுங்கினால் ஜெர்மனியும் பிரான்சும் மிதித்துவிடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் மண், என் வரி, என் ராணுவம் என்று வரும்போது மால்டாவுக்கும் தடை அதிகாரம் இருக்கட்டும். ஆனால் வட மாசிடோனியாவைப் பல்கேரியா தடுத்ததில் பல்கேரியாவின் எந்த உரிமை காப்பாற்றப்பட்டது? தன்னைக் காத்துக்கொள்வது வேறு, அடுத்தவன் கழுத்தில் கால் வைப்பது வேறு. இடைப்பட்ட படிகளை எல்லாம் பெரும்பான்மையால் முடிவு செய்யட்டும். அதற்கு விதி ஏற்கெனவே இருக்கிறது: நாடுகளில் 55 சதவீதம், மக்கள்தொகையில் 65 சதவீதம். கடைசியில், முழு ஒப்பந்தத்துக்கு ஒரே ஒரு முறை, ஒவ்வொரு நாடும் ஆம், இல்லை சொல்லட்டும். அப்போது சொல்பவர் உலகத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த மாற்றத்துக்கே 27 பேர் சம்மதம் வேண்டுமே என்பீர்கள். ஆமாம், வேண்டும். அதுதான் தலைவலி. புதியவர்களைச் சேர்க்க வேண்டும் என்று உரக்கப் பேசும் நாடுகளுக்கும் தங்கள் இடத்தில் ஒரு அங்குலம் விட மனம் இல்லை. ஒன்றியத்தின் நிர்வாகத்தை நடத்தும் ஆணையத்தில் ஒரு நாட்டுக்கு ஒரு ஆணையர் என்பதைக் குறைக்க, ஒன்றியத்தின் விதிகளைத் திருத்திய லிஸ்பன் ஒப்பந்தத்தில் வழி வைத்தார்கள். 2008-இல் அயர்லாந்து மக்கள் அந்த ஒப்பந்தத்தை நிராகரித்ததும், ஆளுக்கு ஒன்று தொடரும் என்று வாக்குறுதி கொடுத்துவிட்டார்கள். வரவுசெலவுத் திட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விவசாயத்துக்குப் போகிறது; உக்ரைனின் கோதுமை வயல்கள் வந்தால் யாருடைய மானியம் குறையும் என்பதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. உக்ரைனுக்காக முதலில் கதவைத் திறந்த போலந்திலேயே, உக்ரைன் தானியம் வந்ததும் விவசாயிகள் டிராக்டரை எல்லையில் குறுக்கே நிறுத்தினார்கள்.

2011-ஐ நினைத்துப் பாருங்கள். சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. நம் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் உட்பட 42 உள்ளாட்சிகள் உள்ளே போயின. வார்டுகளை எப்படிப் பிரித்தார்கள்? பழைய நகரத்தின் 155 வார்டுகளை 107-ஆகச் சுருக்கினார்கள். புதிதாக வந்த பகுதிகளுக்கு 93. மொத்தம் 200. பழைய நகரம் 48 இடங்களை விட்டுக்கொடுத்தது. நாம் நகர்மன்றத் தலைவரை இழந்து முதலாவது மண்டலமானோம். இணைந்ததால் கிடைத்ததும் கிடைக்காததும் என்ன என்று தனிக் கூட்டம் போட்டுச் சண்டை போடலாம். 2016 முதல் 2022 வரை கவுன்சிலரே இல்லாமல் ஓட்டியதையும் அதில் பேசலாம். ஆனால் உள்ளே இருந்தவர்கள் சுருங்காமல் யாரும் உள்ளே வர முடியாது என்ற கணக்கை அன்று மறைக்கவில்லை. பிரஸ்ஸல்ஸ் அந்தக் கணக்கைப் பலகையில் எழுதவே கை நடுங்குகிறது.

அதற்குப் பதில் வேறொரு யோசனை உலவுகிறது: புதியவர்களைச் சேர்ப்போம், கொஞ்ச காலத்துக்கு அவர்களுக்கு மட்டும் தடை அதிகாரம் வேண்டாம். கேட்க இனிமையாக இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. ஹங்கேரிக்கு இருக்கும், வாசலில் நிற்கும் மால்டோவாவுக்கு இருக்காது என்றால் ஒரே பந்தியில் இரண்டு இலை போடுகிறோம். உறுப்பினரான பிறகு ஆட்டம் போடுபவர்களை அடக்குவதற்குப் பணம் இருக்கிறது: 2022 டிசம்பரில் ஹங்கேரிக்குப் போக வேண்டிய 630 கோடி யூரோவை நிறுத்தினார்கள். வாக்குரிமையைப் பறிக்க வழி செய்யும், ஒன்றிய ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவு பல ஆண்டுகள் தூங்கியபோது, அந்தப் பணப்பூட்டு வேலை செய்தது. அதை எல்லாருக்கும் ஒரேபோலப் பூட்டட்டும்.

முன்வரிசையில் ஐயா ஒருவர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார்: "நம் சார்க் என்ன ஆனது?" தெற்காசிய நாடுகளின் அந்தக் கூட்டமைப்பில் 1985-இல் ஏழு நாடுகள், 2007-இல் ஆப்கானிஸ்தானோடு எட்டு. அங்கே எல்லா முடிவும் ஒருமனதாக. இரு நாட்டுத் தகராறுகளைப் பேசவே கூடாது என்று சாசனத்திலேயே இருக்கிறது. கடைசி உச்சி மாநாடு 2014-இல் காத்மாண்டுவில். 2016-இல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது நடக்கவில்லை, அதற்குப் பிறகும் நடக்கவில்லை.

இன்னொரு சீட்டு: "அடுத்து யார் உள்ளே போவார்கள்?" என் ஊகம் மாண்டினீக்ரோ. ஆறு லட்சத்துச் சொச்சம் பேர். ஒன்றியத்தில் இல்லாமலே யூரோ நோட்டில்தான் காய்கறி வாங்குகிறார்கள். 2012 முதல் பேச்சுவார்த்தை. அந்த ஒப்பந்தம் எழுதி முடிந்ததும் பாரிஸைக் கவனியுங்கள். பிரெஞ்சு அரசியல் சட்டப்படி புதிய உறுப்பினருக்கு மக்கள் வாக்கெடுப்பு வேண்டும். அதைத் தவிர்க்க வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். ஆறு லட்சம் பேருக்கு அந்த ஆதரவைத் திரட்டவே திணறினால், நான்கு கோடிக்கு மேல் மக்களோடு போருக்குள் போன உக்ரைனுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்பது அன்று தெரிந்துவிடும்.

நன்றி, வணக்கம்.