கடலூர் கோட்டையை தரைமட்டம் ஆக்குனவரு, பாரிஸ்ல தலை போனவரு! பாண்டில இவரு பேர்ல தெருவே இருக்கு மக்களே

(பாண்டி ஒயிட் டவுன், தெருமுனை. கேமரா தெருப் பலகை மேல.)

வணக்கம் மக்களே! நான் நிக்கிறது லாலி தொலாந்தால் தெரு. சனி ஞாயிறு ஆனா மெட்ராஸ்ல இருந்து வண்டி கட்டிட்டு வந்து இந்த மஞ்ச செவுரு முன்னாடி நின்னு ரீல்ஸ் எடுக்குறீங்கள்ல, எவனாச்சும் அண்ணாந்து பாத்து யாருப்பா இந்த லாலின்னு கேட்டிருக்கீங்களா? நானும் பத்து வருஷம் கேக்கலைங்க, பைக்கை நிறுத்திட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

இவரு பிரெஞ்சுப் படைக்கு ஜெனரல். இவரை யாரு கொன்னது? இங்கிலீஷ்காரனா? இல்ல. எந்த ராஜாவுக்காக சண்டை போட்டாரோ அதே ராஜாவோட ஊர்ல, 1766 மே 9ஆம் தேதி, ஜனங்க பாக்க, வாயைக் கட்டி, தலையை வெட்டுனாங்க. கேஸ் என்னன்னா பாண்டியை எதிரிக்கு காட்டிக் குடுத்துட்டாருங்குறது. காட்டிக் குடுத்தாரா, தோத்தாரா, அதான் இன்னைக்கு மேட்டர்.

அதுக்கு முன்னாடி கடலூர் போயிட்டு வந்துடுவோம். நான் கடலூர்க்காரன், என் சேனல்ல கடலூர் வராம ஒரு வீடியோ முடியாதுன்னு உங்களுக்கே தெரியும்.

(தேவனாம்பட்டினம், சில்வர் பீச். கெடிலம் முகத்துவாரம்.)

சில்வர் பீச்சுல சுண்டல் சாப்பிட்டுட்டே அந்த கெடிலம் பக்கம் பாத்தீங்கன்னா அங்க தான் செயின்ட் டேவிட் கோட்டை இருந்துச்சு. 1690ல செஞ்சியில இருந்த மராட்டிய ராஜா ராஜாராம் கிட்ட இருந்து இங்கிலீஷ் கிழக்கிந்தியக் கம்பெனி இதை விலைக்கு வாங்குது. கோட்டை சரி, சுத்தி எவ்ளோ நிலம் சேத்து? அப்போ சர்வேயர் கிடையாது, சங்கிலி கிடையாது, பட்டா சிட்டா ஒண்ணும் கிடையாது. அதனால ஒரு டீல் போட்டாங்க பாருங்க, எனக்கு இதை எத்தனை தடவை சொன்னாலும் சிரிப்பு அடங்கல, கோட்டையில ஒரு பீரங்கியை வெச்சு நாலா பக்கமும் சுட வேண்டியது, குண்டு எது வரைக்கும் போய் விழுதோ அது வரைக்கும் கம்பெனி நிலம். அவ்ளோ தான் அளவை!

இப்ப நீங்க கம்பெனி ஆளா இருந்தா என்ன பண்ணுவீங்க? அதையே தான் அவனும் பண்ணான். அப்போ மெட்ராஸ் கவர்னர் எலிஹு யேல், ஆமாங்க அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டின்னு இருக்கே அந்தப் பேரு இவரோடது தான், நல்ல பீரங்கி, அதை தூரமா சுடத் தெரிஞ்ச கெட்டிக்கார ஆளுன்னு பாத்து அனுப்பி வெச்சாங்க. குண்டு போச்சு, கடலூர் ஓல்டு டவுனும் உள்ள வந்துடுச்சு. அந்த வட்டத்துக்குள்ள மாட்டுன ஊருங்களுக்கு குண்டு கிராமம்னே பேரு வந்துடுச்சுங்க. அன்னைக்கு காலையில ஒருத்தரு வயல்ல குனிஞ்சு நடவு நட்டுட்டு இருந்திருப்பாரு, தலைக்கு மேல விர்ருன்னு ஒண்ணு போயிருக்கும், நிமிர்ந்து பாக்குறதுக்குள்ள அவருக்கு ராஜா மாறியாச்சு. அவரை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. நம்ம ஊரு எந்த ஆட்சியில இருக்கணும்னு அன்னைக்கு முடிவு பண்ணது அரை மூட்டை வெடிமருந்து.

சரி சரி, லாலிக்கு வரேன், கமெண்ட்ல திட்டாதீங்க.

1756ல ஏழாண்டுப் போர் ஆரம்பிக்குது, ஐரோப்பாவுல அடிச்சுக்கிட்டாங்க, அதோட சூடு இங்க வந்துச்சு, பின்னணி அவ்ளோ தான், வேணும்னா பள்ளிக்கூட புத்தகத்துல இருக்கு. 1758 ஏப்ரல் கடைசில லாலி கப்பல்ல வந்து பாண்டில இறங்குறாரு. அப்பா அயர்லாந்துக்காரரு, பையன் பிறந்தது பிரான்ஸ்ல, இங்கிலீஷ்காரன்னாலே ஆகாது. மாமியார் வீட்டுக்குப் போனா கூட ஒரு காபி குடிச்சுட்டு தான் சண்டைய ஆரம்பிப்போம், இவரு வந்து இறங்குன கையோட கடலூருக்கு படையை கிளப்பிட்டாரு. மாடு இல்ல, வண்டி இல்ல, சாமான் தூக்க ஆள் இல்ல. பாண்டி ஜனங்களை பெரிய சாதி சின்ன சாதி எதுவும் பாக்காம பிடிச்சுட்டு வந்து மூட்டை தூக்க விட்டாரு. சாதி பாக்கலைன்னு கைதட்டலாமான்னு ஒரு செகண்ட் யோசிச்சேன், இல்லைங்க, எல்லாரையும் சமமா அடிமை ஆக்குறது சமத்துவம் ஆகாது.

ஜூன் 2ஆம் தேதி செயின்ட் டேவிட் சரண்டர். லாலி அந்தக் கோட்டையை இடிச்சு தரைமட்டம் ஆக்குறாரு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அடுத்து தஞ்சாவூர் மேல போனாரு, காசு வசூல் பண்ண, தோல்வி. போற வழியில கீவளூர்ல கோயில் பிராமணர்கள் சில பேரை உளவாளின்னு சந்தேகப்பட்டு பீரங்கி வாயில கட்டி சுட்டுட்டாரு. விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது. அப்புறம் மெட்ராஸ் முற்றுகை, தோல்வி. 1760 ஜனவரி வந்தவாசி, பெரிய தோல்வி. அங்க ஜெயிச்ச இங்கிலீஷ் தளபதி அயர் கூட் அப்படியே பாண்டியை வந்து வளைச்சுட்டாரு.

(பாண்டி பீச் ரோடு. கடல் சத்தம். மியூசிக் வேணாம்.)

இந்த இடத்துல கொஞ்சம் நிதானமா கேளுங்க. உள்ள சோறு தீருது. 1760 நவம்பர்ல லாலி என்ன பண்றாரு, ஊருக்குள்ள இருந்த நம்ம ஆளுங்க ஆயிரத்துக்கும் மேல பேரை, பொம்பளைங்க புள்ளைங்களோட, வாயி குறையட்டும்னு வெளிய துரத்திடுறாரு. இங்கிலீஷ்காரன் விட மாட்டேங்குறான், திரும்ப உள்ள அடிச்சு விரட்டுறான், பிரெஞ்சுக்காரங்க கதவைத் திறக்கல. ரெண்டு படைக்கும் நடுவுல எட்டு நாளு. புல்லு வேரை பிடுங்கித் தின்னுருக்காங்க. எட்டாவது நாளு தான் போங்கன்னு வழி விட்டான். அவங்கள்ல யாரு பேரும் நமக்குத் தெரியாது.

1761 ஜனவரி 16, பாண்டி விழுந்துச்சு. பாண்டில இருபத்தஞ்சு வருஷத்துக்குப் பக்கத்துல டைரி எழுதுனாரே நம்ம ஆனந்தரங்கம் பிள்ளை, அவரு அதுக்கு சில நாள் முன்னாடி தான் கண்ணை மூடுனாரு.

ஜெயிச்சாச்சு, இப்ப ஊரு யாருக்கு? இதுக்கு ஜெயிச்சவங்களுக்குள்ளயே சண்டை. இங்கிலாந்து ராஜாவோட படை தானே பிடிச்சுச்சு, ராஜாவுக்குன்னு அயர் கூட் சொல்றாரு. மெட்ராஸ் கவர்னர் பிகாட் என்ன சொன்னாருன்னா, கம்பெனிக்கு குடுக்கலைன்னா உன் படைக்கு படிக்காசு கிடையாது. விவாதம் முடிஞ்சுது! பங்காளிங்க களத்து மேட்டுல நெல்லு பிரிக்கிற மாதிரியே இருக்குல்ல? அப்புறம் கடலூர் கோட்டையை இடிச்சதுக்கு பதிலடியா பாண்டிக் கோட்டையையும் கவர்னர் மாளிகையையும் இடிச்சுத் தள்ளிட்டாங்க. அதனால நீங்க ஒயிட் டவுன்ல பழசுன்னு பாக்குற பிரெஞ்சு பில்டிங் எல்லாம் 1765ல ஊரு திரும்பக் கிடைச்ச பிறகு கட்டுனது தான். அப்படி திரும்ப எழுப்புன கவர்னர் பேரு என்ன தெரியுமா, ஜான் லா. சட்டத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லைங்க, அது குடும்பப் பேரு.

லாலி கைதியா இங்கிலாந்து போறாரு. பிரான்ஸ்ல தன்னை துரோகின்னு பேசுறாங்கன்னு கேள்விப்பட்டு, நான் வந்து பதில் சொல்றேன்னு அவரே அனுமதி வாங்கிட்டுப் போறாரு. தூக்கி பாஸ்டில் ஜெயில்ல போட்டு, ஒரு வருஷத்துக்கு மேல விசாரணையே இல்ல. வக்கீல் வெச்சுக்க விடல. விசாரிச்சது பாரிஸ் பார்லிமென்ட், பேரைக் கேட்டு ஏமாறாதீங்க, அது கோர்ட்டு, அங்க நீதிபதி போஸ்ட்டை காசு குடுத்து வாங்கலாம், அதுவும் சட்டப்படி! குத்தவாளிங்க உக்கார்ற குட்டை ஸ்டூல்ல அவரை உக்கார வெச்சப்ப சட்டையை விலக்கி போர்க்காயத்தைக் காட்டி, அம்பத்தஞ்சு வருஷம் உழைச்சதுக்கு இதான் கூலியான்னு கேட்டாராம்.

தீர்ப்புல முதல்ல வர்றது பிரெஞ்சு ராஜாவுக்கும் பிரெஞ்சு கம்பெனிக்கும் துரோகம். அதிகார துஷ்பிரயோகம், ஜனங்களை வதைச்சதுன்னு வாலுல ஒட்டிருக்கும். என்னைக் கேட்டா வாலு தான் உண்மையான குத்தம். காட்டிக் குடுத்ததுக்கு ஆதாரம் இல்ல, மனுஷன் முரடன், வாய்க்கொழுப்பு, எல்லாரையும் பகைச்சுக்கிட்டாரு, தோத்தாரு. தோல்விக்கு கணக்கு காட்ட ஒரு தலை வேணும்னு இருந்தாங்க. பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் பேனாவை எடுத்தாரு, லாலியோட பையன் வருஷக்கணக்கா அலைஞ்சாரு, 1778ல ராஜாவோட கவுன்சில் தீர்ப்பை ரத்து பண்ணுச்சு. திரும்ப விசாரிக்க அனுப்புனதுல வேற ஒரு கோர்ட்டு முழுசா நிரபராதின்னு சொல்ல மாட்டேன்னுடுச்சு. அப்படியே தொங்கிக்கிட்டு நிக்குது.

தலை போனப்புறம் கூட அவரு பக்கம் பேச ஆளு இருந்துச்சு, கோர்ட்டு இருந்துச்சு, இப்போ தெருவும் இருக்கு. பீச் ரோட்டுல வாக்கிங் போறப்ப எனக்கு அந்த எட்டு நாளு தான் ஞாபகம் வருது.

கடலூர் மக்களே, ஒரு உதவி. உங்க தாத்தா பீரோவுல இருக்குற பழைய பத்திரத்துல எங்கயாச்சும் குண்டு கிராமம்னு ஒரு வார்த்தை இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, நம்பர் கிம்பர் எதுவும் போடாதீங்க, ஊரு பேரு மட்டும் போதும். நான் கேமராவைத் தூக்கிட்டு வரேன், டீ மட்டும் வாங்கித் தாங்க.